ராத்திரியில் கண்ணில் ஏதாவது ஆனால் உடனே கிளம்பணுமா, விடியட்டும் என்று இருக்கலாமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: கண் ஆஸ்பத்திரிக்கு மூன்றரை மணி நேரப் பயணம், பக்கத்தில் இருப்பது கண் டாக்டர் இல்லாத ஒரு சின்ன சுகாதார நிலையம். ராத்திரியில் கண்ணில் அவசரம் என்றால் என்ன செய்வது, வீட்டில் என்ன மருந்து வாங்கி வைப்பது? மருந்தைப் பற்றிக் கேட்டது போலத் தெரிந்தாலும், அவர் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். எது விடியும் வரை தாங்கும், எது தாங்காது, அந்த மூன்றரை மணி நேரத்தில் கண்ணை எப்படிக் காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதுதான் உண்மையான கேள்வி. அதற்கே பதில் சொல்கிறேன். மருந்துக்குக் கடைசியில் வருகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை.

கண் அவசரப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். தொலைவிலிருந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஏற்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. பார்வை போனவர்களில் பலருக்கு அது தூரத்தால் மட்டும் போகவில்லை. அடிபட்ட இடத்திலேயே செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டதாலோ, செய்யக்கூடாததைச் செய்ததாலோ, "காலையில் பார்த்துக்கலாம்" என்று படுத்ததாலோ போனது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பொதுவான வழிகாட்டல். நேரில் கண்ணைப் பார்க்கும் மருத்துவரோ செவிலியரோ வேறு மாதிரி சொன்னால் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

நிமிடக் கணக்கில் ஓடவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கண்ணில் ரசாயனம் படுவது. சுண்ணாம்பு, சிமெண்ட், அமோனியா, சாக்கடை அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடா, பேட்டரி ஆசிட், பூச்சிமருந்து எல்லாம் இதில் அடக்கம். இங்கே ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பது இரண்டாவது கேள்வி, ஏனென்றால் முக்கியமான வைத்தியம் குழாயடியில் நடக்கிறது. ஆசிட்டை எல்லோரும் பயப்படுவார்கள், சுண்ணாம்பைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வார்கள். நிஜத்தில் சுண்ணாம்பு, காஸ்டிக் சோடா, அமோனியா மூன்றும்தான் பெரும்பாலும் மோசமானவை. ஆசிட் பட்டால் மேல் திசுவின் புரதம் உறைந்து, அதுவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரப் பொருள்கள் அப்படி நிற்பதில்லை. செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டு கருவிழிக்குள், அதாவது கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் படலத்துக்குள், இறங்கிக்கொண்டே இருக்கும். வலி குறைந்த பிறகும் சேதம் நடந்துகொண்டிருக்கலாம்.

அதனால் யாரையும் போனில் கூப்பிடுவதற்கு முன்னால் தண்ணீர். சுத்தமான குடிநீர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கையில் கிடைக்கிற, பார்க்கத் தெளிவாக இருக்கிற எந்தத் தண்ணீரும் சரி. சலைன் தேடி அலைய வேண்டாம். ஆளைப் படுக்கவைத்து, அடிபட்ட கண் கீழ்ப்பக்கம் வருமாறு தலையைச் சாய்த்துக்கொள்ளுங்கள், கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போகக்கூடாது. வலியில் இமை இறுக மூடிக்கொள்ளும். ஈரக் கை வழுக்கும் என்பதால் ஒரு உலர்ந்த துணியால் மேல் இமையையும் கீழ் இமையையும் பிடித்து விரியுங்கள். ஒருவர் இமையைப் பிடிக்க, இன்னொருவர் ஒரு சாண் உயரத்திலிருந்து மூக்குப் பக்க ஓரத்தில் மெல்ல ஊற்ற வேண்டும். மேலே பார், கீழே பார், இடது, வலது என்று சொல்லிக்கொண்டே இருங்கள். குறைந்தது அரை மணி நேரம். கடிகாரம் பார்த்து அரை மணி நேரம் என்கிறேன், ஏனென்றால் பதற்றத்தில் ஐந்து நிமிடமே யுகமாகத் தோன்றும், எல்லோரும் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழுவும்போதே எடுத்துவிடுங்கள்.

சுண்ணாம்பும் சிமெண்டும் துகளாக இமைக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும். வெளியில் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே இருக்கும் துணுக்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எரித்துக்கொண்டே இருக்கும். கீழே பார்க்கச் சொல்லி, மேல் இமையின் முடியைப் பிடித்து முன்னால் இழுத்து, இமையின் நடுவில் ஒரு பஞ்சுக் குச்சியை வைத்து அழுத்தினால் இமை வெளிப்பக்கம் புரண்டுவிடும். உள்ளே வெள்ளை வெள்ளையாகத் துணுக்கு தெரிந்தால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி கழுவுங்கள். இந்த ஒரு வித்தையை யாராவது சுகாதாரப் பணியாளரிடம் கேட்டு, நல்ல கண்ணில் ஒருமுறை செய்து பழகி வைத்துக்கொள்வது எந்த மருந்தை வாங்கி வைப்பதைவிடவும் மேல். ஆசிட் பட்டதற்கு ஆப்பச் சோடா, சுண்ணாம்புக்கு எலுமிச்சை என்று எதிர்மருந்து போடாதீர்கள். அந்த வினையிலேயே சூடு வரும், நேரமும் போகும். கழுவி முடித்ததும் ராத்திரியோ பகலோ கிளம்பிவிடுங்கள், வண்டியிலும் பாட்டில் தண்ணீரால் ஊற்றிக்கொண்டே போகலாம். கண் சிவக்காமல் வெளுத்துப்போய் இருந்தால் லேசான காயம் என்று ஏமாந்துவிடாதீர்கள். ரத்தக் குழாய்களே கருகிவிட்டன என்று அதற்கு அர்த்தம், செந்நிறக் கண்ணைவிட அது மோசம். கள்ளி வகைச் செடிகளின் பால் பட்டாலும் இதே மாதிரிதான் கழுவ வேண்டும். முதலில் எரிச்சல் மட்டும் இருந்து, பார்வை மங்குவது சில மணி நேரம் கழித்து வரலாம்.

அடுத்தது கிழிந்த கண். இதில் எல்லாமே நேர்மாறு. கழுவக்கூடாது, தொடக்கூடாது, களிம்பு போடக்கூடாது, பஞ்சு வைத்து இறுகக் கட்டக்கூடாது. கண் பந்தில் ஓட்டை இருக்கும்போது விரலால் கொடுக்கும் சின்ன அழுத்தம்கூட உள்ளே இருப்பதை வெளியே தள்ளிவிடும். குச்சியோ கம்பியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். ஒரு காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, அதன் விளிம்பு புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் உட்காரும்படி வைத்து டேப் ஒட்டுங்கள். கண்ணில் எதுவும் படக்கூடாது, அவ்வளவுதான் நோக்கம். கம்பி நீளமாக நீட்டிக்கொண்டிருந்தால் கப்பின் அடியில் ஓட்டை போட்டு அதன் வழியே விட்டுக் கட்டலாம். சாப்பிடவும் குடிக்கவும் கொடுக்காதீர்கள், போனவுடன் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வாந்தி வந்தால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், அதனால் சுகாதார நிலையத்தில் வாந்தியை நிறுத்தும் ஊசி, வலிக்கு மருந்து, டெட்டனஸ் ஊசி மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிழிந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? டார்ச் அடித்துப் பார்க்கும்போது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் கூர்மையாக இழுபட்டிருக்கும். வெள்ளை விழியில் கறுப்பாகவோ பழுப்பாகவோ ஏதாவது பிதுங்கி நிற்கும். அடிபட்டபோது சூடாக ஏதோ வழிந்தது என்று சிலர் சொல்வார்கள். பார்வை சட்டென்று மங்கியிருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலே கப்பைக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

அறிகுறியே இல்லாமல் ஏமாற்றுவது ஒன்று உண்டு: இரும்பின் மேல் இரும்பால் அடிக்கும்போது தெறிக்கும் துணுக்கு. உளி, கடப்பாரை, டிராக்டர் பாகம் எதையாவது சுத்தியலால் தட்டும்போது கண்ணில் சுருக்கென்று பட்டது, தேய்த்துவிட்டேன், சரியாகிவிட்டது என்பார்கள். வேகமாக வரும் துணுக்கு ஊசிமுனை அளவு ஓட்டை போட்டுக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. வலியும் இருக்காது. சில நாளில் கண்ணுக்குள் சீழ் பிடிக்கலாம், பிடிக்காவிட்டால் மாதக்கணக்கில் இரும்பு கரைந்து விழித்திரையைக் கெடுக்கலாம். எனவே "சுத்தியல்" என்ற வார்த்தை கதையில் வந்தால், கண் நன்றாக இருந்தாலும் எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ எடுக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுக்கக்கூடாது. அதன் காந்தம் உள்ளே இருக்கும் துணுக்கை நகர்த்திவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் சுத்தியல் கதையை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கிழிந்த கண்ணுக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற கேள்வியில் உறுதியானதையும் சந்தேகமானதையும் பிரித்துச் சொல்கிறேன். சீக்கிரம் தைத்தால் நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டினால் உள்ளே சீழ் பிடிக்கும் ஆபத்து ஏறுகிறது, இது உறுதி. மண்ணோ செடிகொடியோ சம்பந்தப்பட்ட காயத்தில் அந்த ஆபத்து இன்னும் அதிகம், இதுவும் உறுதி. ஆனால் ஆறு மணி நேரத்தில் தைப்பதற்கும் பன்னிரண்டு மணி நேரத்தில் தைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. ராத்திரி பாதை ஆபத்தானது, வண்டியும் சரியில்லை என்றால், கப்பைக் கட்டி, சுகாதார நிலையத்தில் ஊசியும் மாத்திரையும் வாங்கி, முதல் வெளிச்சத்தில் கிளம்புவதில் தப்பில்லை என்பது என் சொந்தக் கருத்து. மலைப்பாதையில் வண்டியைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணைக் காப்பாற்ற முடியாது. ஆனால் "விடிந்ததும்" என்றால் விடிந்ததும்தான். குளித்துச் சாப்பிட்டு பத்து மணி பஸ்ஸில் போவது அல்ல. கிளம்பும் முன்னால் போன் செய்து, அங்கே இன்று அறுவை செய்யும் கண் டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். மூன்றரை மணி நேரம் போய், அங்கிருந்து இன்னொரு ஊருக்கு அனுப்பப்படுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகமாக நேரத்தைத் தின்றது.

வலியே இல்லாமல் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை போய்விட்டால், அதைக் கண் பிரச்சினை என்று மட்டும் நினைக்காதீர்கள். விழித்திரைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டிருக்கலாம். மூளைக்குப் போகும் குழாய் அடைபட்டுப் பக்கவாதம் வருவதும் இதுவும் ஒரே குடும்பம். அடுத்த சில நாட்களில் பக்கவாதம் வரும் ஆபத்தும் இவர்களுக்கு அதிகம். குரங்குகளில் செய்த ஆய்வுகளில் சுமார் 4 மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் விழித்திரை மீளாமல் கெட்டுப்போனது. கண்ணை அழுத்தித் தேய்ப்பது, பைக்குள் மூச்சுவிடுவது என்று பழைய வைத்தியங்கள் பல உண்டு. அவை பலன் தருகின்றன என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. எனவே பார்வை திரும்பும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இவரைக் கண் ஆஸ்பத்திரியைவிட, பக்கவாதத்துக்கு வைத்தியம் பார்க்கும் பெரிய பொது ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோவது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்வை போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டாலும் போக வேண்டும். வயது 50-க்கு மேல், புதிதாகத் தலைவலி, தலை சீவினால் வலி, மெல்லும்போது தாடை வலி, அதோடு பார்வை மங்கல் என்றால் ரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு அன்றைக்கே தொடங்காவிட்டால் மற்றக் கண்ணும் போகக்கூடும். கலப்படச் சாராயம் குடித்து மறுநாள் இரண்டு கண்ணும் பனி மூட்டமாகத் தெரிந்தால் அது மெத்தனால் விஷம். அங்கே பார்வையோடு உயிரும் பந்தயத்தில் இருக்கிறது, நேராகப் பொது ஆஸ்பத்திரிக்கு.

கண் நீர் அழுத்தம் திடீரென்று ஏறுவது இன்னொன்று. இது வயிற்றுக் கோளாறு வேஷத்தில் வரும். ஓயாத வாந்தி, ஒரு பக்கத் தலைவலி என்று வந்தவருக்கு வாந்திக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கண் சிவந்து, கருவிழி புகை படிந்தது போல் மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிகிறது என்று சொன்னால், டார்ச் அடித்து நடுக் கறுப்பு வட்டம் சுருங்குகிறதா பாருங்கள். ஓரளவு விரிந்தபடி அசையாமல் நின்றால் அழுத்தம்தான் என்று சந்தேகிக்கலாம். அசிட்டசோலமைடு மாத்திரையும் டிமோலால் சொட்டு மருந்தும் சின்ன சுகாதார நிலையங்கள் சிலவற்றில்கூட இருக்கும். சிறுநீரகக் கோளாறு, சல்ஃபா ஒவ்வாமை, ஆஸ்துமா இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, போனில் கண் டாக்டர் சொல்லும் அளவில் அங்கேயே தொடங்கிவிடலாம். லேசர் செய்ய வேண்டியிருப்பதால் பயணம் தவிர்க்க முடியாது, ஆனால் பயண நேரத்தில் நரம்பு நசுங்காமல் இருக்கும்.

விழித்திரை கழன்றுவருவது ஓரளவு அவகாசம் தரும். திடீரென்று கொசு பறப்பது போலப் புள்ளிகள் கூட்டமாக, ஓரத்தில் மின்னல் வெட்டுகள், பிறகு ஒரு பக்கத்திலிருந்து நிழல்திரை இறங்குவது. நடுப்பார்வை இன்னும் தெளிவாக இருந்தால்தான் அவசரம் அதிகம். காப்பாற்ற வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது. ராத்திரி என்றால் காலையில், அடுத்த வாரம் அல்ல. இதற்கு அறுவையில் கண்ணுக்குள் வாயு நிரப்புவது உண்டு. உயரமான மலை ஊருக்குத் திரும்புகிறவர்கள் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். மேலே ஏற ஏற அந்த வாயு விரிந்து அழுத்தம் ஏறிப் பார்வை போன சம்பவங்கள் உண்டு. விமானத்துக்கும் இதே தடை. நகரத்து டாக்டர்கள் விமானத்தைப் பற்றிக் கேட்பார்கள், மலைப்பாதை பஸ்ஸைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

இவ்வளவும் அரிதாக வருபவை. கிராமத்தில் உண்மையில் கண்ணைக் கொண்டுபோவது சத்தமில்லாத ஒன்று: தோகையோ உமியோ தூசியோ பட்டுக் கருவிழியில் விழும் சின்னக் கீறல். கதிர் அறுக்கும்போது இலை நுனி உரசுகிறது, கண்ணீர் வழிகிறது, இரண்டு நாளில் போய்விடும் என்று விட்டுவிடுகிறார்கள். பலருக்கு நிஜமாகவே போய்விடும். சிலருக்கு அந்தக் கீறலில் பாக்டீரியாவோ பூஞ்சையோ இறங்கிப் புண்ணாகிறது, ஆறினாலும் கண்ணில் பூ விழுந்துவிடுகிறது. உலக சுகாதார அமைப்பின் இதழில் 2001-ல் வந்த மதிப்பீட்டின்படி, கண் காயமும் கருவிழிப் புண்ணும் சேர்ந்து ஆண்டுக்கு 15 முதல் 20 லட்சம் பேருக்கு ஒரு கண்ணின் பார்வையையாவது பறிக்கின்றன.

நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இதில் எனக்குப் பிடித்தமானது, 2001-ல் வெளியானது. ஊர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, கீறலைப் பளிச்சென்று காட்டும் சாயத் தாளும் நீல வெளிச்ச டார்ச்சும் கொடுத்தார்கள். கீறல் தெரிந்தால் குளோராம்பெனிக்கால் களிம்பு ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். கீறல் பட்ட 442 பேரில் 424 பேருக்குச் சீழ் பிடிக்காமல் ஆறியது. முக்கியமாக, 18 மணி நேரத்துக்குள் களிம்பு தொடங்கியவர்களில் ஒருவருக்குக்கூடப் புண்ணாகவில்லை. இதை வைத்து எல்லா ஊரிலும் இப்படிச் செய்தால் புண்ணே வராது என்று முடிவு கட்டிவிட முடியாது. அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லை. பின்னால் நேபாளத்திலேயே ஊர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வில், 2022-ல் வந்த முடிவு, இப்படிப் பணியாளர்கள் இருந்த ஊர்களிலும் இல்லாத ஊர்களிலும் புண் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தது. என் கணிப்பு, கீறல் பட்டவர்கள் எல்லோரும் பணியாளரிடம் போவதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு தனிமனிதருக்கு, கீறல் பட்ட அன்றே ஆன்டிபயாடிக் களிம்பு தொடங்குவது நல்லது என்பதை அது மாற்றவில்லை.

இங்கே செய்யக்கூடாதவை இரண்டு. ஒன்று, ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. மருந்துக்கடையில் "கண் சிவப்புக்கு" என்று கேட்டால் பல இடங்களில் கையில் வருவது அதுதான். போட்டவுடன் சிவப்பும் வலியும் குறையும், பூஞ்சை உள்ளே செழிக்கும். ஒரு வாரம் கழித்து வரும்போது கருவிழி உருகிப்போயிருக்கும். பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று எந்தப் பெயர் இருந்தாலும் கண் டாக்டர் சொல்லாமல் போடாதீர்கள். இரண்டு, தாய்ப்பால், தேன், இலைச்சாறு, எச்சில். நோக்கம் நல்லதுதான், ஆனால் தோல் உரிந்த இடத்தில் கிருமியை விடுகிறோம். செடி பட்ட கண்ணைப் பஞ்சு வைத்து மூடிக் கட்டுவதும் வேண்டாம், அது கிருமிக்கு வசதி. சுகாதார நிலையத்தில் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டால் வலி மாயமாய்ப் போகும். அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாது. வெல்டிங் வெளிச்சம் பட்டு நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரிபவர்களுக்கு இது பெரிய சபலம். அவர்களுக்கு வலி மாத்திரையும் இருட்டறையும் போதும், ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும்.

கீறல் பட்டவரைத் தினமும் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, இரண்டாம் நாள் வலி குறையாமல் கூடினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே கிளம்ப வேண்டும். பூஞ்சைப் புண்ணுக்கு நேட்டமைசின் போன்ற தனி மருந்து வேண்டும், கண்ணைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் எது என்று தெரியும். அது சின்ன இடத்தில் நடக்காது.

குழந்தைகளில் மூன்றைச் சொல்கிறேன். பிறந்து சில நாளில் இரண்டு கண்ணிலும் கெட்டிச் சீழ் வழிந்து இமை வீங்கினால் கொனோரியா என்ற பால்வினை நோயின் கிருமியாக இருக்கலாம். ஒரே நாளில் கருவிழியை ஓட்டையாக்கக்கூடியது அது, அதற்குச் சொட்டு மருந்து போதாது, ஊசி வேண்டும். சளி பிடித்திருந்த குழந்தைக்குக் காய்ச்சலோடு ஒரு கண் வீங்கி, முன்னால் தள்ளி, கண்ணை அசைக்கவே வலிக்கிறது என்றால் ராத்திரியே கிளம்புங்கள். சீழ் மூளைக்குப் போகலாம். போட்டோவில் ஒரு கண்ணின் நடுவட்டம் வெள்ளையாகத் தெரிவது அந்த ராத்திரியின் அவசரம் இல்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் காட்ட வேண்டும், கண் புற்றாக இருக்கலாம். பெரியவர்களில், கண்புரை அறுவை செய்து நன்றாக இருந்த கண் சில நாளில் வலித்து மங்கினால், அறுவை செய்த இடத்துக்கு அன்றைக்கே போன் செய்து கிளம்புங்கள். அடுத்த செக்கப் தேதி வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

போனில் பேசும்போது "கண் சிவந்திருக்கு" என்று மட்டும் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. நல்ல கண்ணைக் கையால் மூடி, அடிபட்ட கண்ணால் மூன்றடி தூரத்தில் விரலை எண்ண முடிகிறதா, கை அசைவாவது தெரிகிறதா, டார்ச் வெளிச்சமாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். எப்போது பட்டது, என்ன பட்டது, இதற்கு முன் அந்தக் கண்ணில் அறுவை நடந்ததா, என்ன மருந்து போட்டீர்கள். இந்த நாலு வரியும் போதும். போட்டோ எடுப்பதானால் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் விழும்படி வைத்து, பிளாஷ் இல்லாமல், இரண்டு கண்ணையும் தனித்தனியே எடுங்கள். ஆனால் போட்டோ வெளிப்பக்கத்தை மட்டும்தான் காட்டும். விழித்திரை கழன்றதும், அழுத்தம் ஏறியதும், உள்ளே போன இரும்பும் போட்டோவில் தெரியாது. "போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறது" என்று டாக்டரே சொன்னாலும், பார்வை குறைந்திருந்தால் நேரில் காட்டியே ஆக வேண்டும்.

பயப்படாமல் விடியும் வரை தூங்கக்கூடியவையும் உண்டு. வெள்ளை விழியில் திட்டாக ரத்தம் கட்டியிருக்கும், வலி இல்லை, பார்வை சரியாக இருக்கிறது, அடியும் படவில்லை. பார்க்கப் பயங்கரம், ஒன்றும் செய்யாது, இரண்டு வாரத்தில் கரைந்துவிடும். இமையில் கட்டி, காலையில் பீளை ஒட்டிக்கொள்ளும் சாதாரணக் கண்வலி, இரண்டு கண்ணிலும் அரிப்பு எல்லாம் பகலில் நிதானமாகக் காட்டலாம். கண்ணில் நேராக அடி விழுந்து கருவிழிக்குள் கீழ்ப்பக்கம் ரத்தம் தேங்கி நின்றால் அது வேறு கதை. தலையணையை உயர்த்திச் சாய்ந்து உட்காரவைத்து, ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கொடுக்காமல், பாரசிட்டமால் மட்டும் கொடுத்துக் கொண்டுபோக வேண்டும்.

சரி, வீட்டில் என்ன வாங்கி வைப்பது? மூடி போட்ட சுத்தமான தண்ணீர் பாட்டில்கள், காகிதக் கப் இரண்டு, டேப், நல்ல டார்ச், பஞ்சுக் குச்சி, பாரசிட்டமால். உங்கள் சுகாதார நிலையத்தில் கேட்டு, அவர்கள் சரி என்றால், ஒரு ஆன்டிபயாடிக் கண் களிம்பு. சுத்தியல் பிடிப்பவர்களுக்கும் கதிர் அடிப்பவர்களுக்கும் பக்கவாட்டு மறைப்புள்ள பாதுகாப்புக் கண்ணாடி. ராத்திரி எடுக்கக்கூடிய ஒரு கண் ஆஸ்பத்திரி நம்பரையும், வண்டி வைத்திருக்கும் இரண்டு பேரின் நம்பரையும் சுவரில் எழுதி ஒட்டுங்கள், ஒரே ஒருவரை நம்பியிருந்தால் அன்றைக்கு அவர் ஊரில் இருக்கமாட்டார். அப்புறம், அலமாரியில் போன வருடம் யாருக்கோ எழுதிக் கொடுத்த பாதிச் சொட்டு மருந்து பாட்டில் இருக்கும். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து நாலு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அதை இன்றைக்கே குப்பையில் போட்டுவிடுங்கள்.